பெயர் எழுதாமல் விட்ட பதினோராவது ஆள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சிறீஸ்கந்தராசாவை வீட்டில் தேடிப் பயனில்லை. டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டிலிருந்து பதினொரு கிலோமீற்றர் தள்ளி, பிள்ளைகள் போதாமல் மூடப்பட்ட ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தின் நிலவறையில் அவர் இருப்பார். அந்தக் கிராமத்தின் பழைய படங்களைப் பெட்டி பெட்டியாக அங்கேதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பால் சேகரிக்கும் நிலையம் திறந்த நாள், ஆலை எரிந்த நாள், பரிசு வாங்கிய காளையும் அதன் சொந்தக்காரனும், அறுவடை விருந்தில் வாய் நிறையச் சாப்பாட்டோடு நாற்பது பேர். படமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. படத்தில் நிற்பது யார் என்பதுதான் பாதிப் படங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வயதான டெனிஷ்காரர் நாலைந்து பேர் வாரத்துக்கு ஒருநாள் கூடி, கோப்பி குடித்து, அந்த முகங்களுக்குப் பெயர் எழுதுகிறார்கள். நடுவில் நம்முடைய ஆள். இவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு அந்தக் கண் இருந்தது. முப்பத்தொரு வருடம் பிளாஸ்டிக் மூடித் தொழிற்சாலையில் நின்று, ஓடுகிற பட்டியில் கோணல் மூடியைப் பொறுக்கியெடுத்த கண். 1911இல் பாற்கேனோடு நிற்கிற பெண்ணின் காதும் 1954இல் ஜிம்னாஸ்டிக் உடுப்போடு நிற்கிற பிள்ளையின் காதும் ஒரே காது என்று அவர் காட்டினால், மற்றவர்கள் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, ஓம், இது அவளின் பேத்திதான் என்பார்கள்.

மனைவி தவமணிக்கு இது விளங்கவே இல்லை. சொந்தச் சித்தப்பாவின் பெயரை மறந்துபோகிற மனுசன் வெள்ளைக்காரனின் பாட்டன்மாருக்குப் பெயர் வைக்கப் போகிறார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நிலவறையிலும் அவரைப் பகிடி பண்ணினார்கள், ஆனால் வேறு விஷயத்துக்கு. எட்டு வயதில் கிணற்றுக்கட்டிலிருந்து விழுந்து முறிந்த வலக்கைச் சின்னவிரல் அவருக்கு மடங்காது. கோப்பிக் கோப்பையைப் பிடித்தால் அந்த விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். அரண்மனையில் கோப்பி குடித்துப் பழகியவர் என்பார் ஜோனாஸ். இந்த ஜோனாஸ் தொழிற்சாலையில் அவருக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். இப்போது எழுபத்துநாலு வயதில் இந்தப் படப்பெட்டிகளுக்குப் பொறுப்பாளர். மூன்று வருடத்துக்கு முன் அவரை நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் ஜோனாஸ்தான்.

வந்த முதல்நாளே ஜோனாஸ் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். 1987 தை மாதம். இடுப்பளவு பனி. பழைய பயணிகள் விடுதியின் வாசலில் மண்வெட்டிகளோடு பதினொரு தமிழர் வரிசையாக நிற்கிறார்கள். பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் ‘தமிழர்கள், 11 பேர்’ என்று எழுதியிருந்தார்கள். மாட்டுக்கெல்லாம் பெயர் எழுதி வைத்திருக்கிற ஊரில் நமக்கு இவ்வளவுதானா என்று சிறீஸ்கந்தராசாவுக்குச் சுள்ளென்றது. பேனையை வாங்கினார். இடமிருந்து வலமாக, முழுப்பெயரோடு, ஊரோடு, பத்துப் பேரை எழுதினார். நடுவில் நெஞ்சை நிமிர்த்திச் சிரித்துக்கொண்டு நிற்கிற இருபத்துநாலு வயதுக்காரன் அவர்தான். அதையும் எழுதினார்.

வரிசையில் அவருக்குப் பக்கத்தில் ஒருவன் கம்பளித் தொப்பியை நாடிவரை இழுத்துவிட்டுக்கொண்டு முகமே தெரியாமல் நின்றான். இது யார் என்று ஜோனாஸ் கேட்டார். சிறீஸ்கந்தராசா பூதக்கண்ணாடியை எடுத்து, பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ‘தெரியாதவர்’ என்று எழுதினார்.

தெரியாமல் என்ன? அவன் மகேந்திரராசா. ஒரே அறையில், ஒரே கட்டிலின் மேல்தட்டில் பதினான்கு மாதம் படுத்தவன்.

அந்த விடுதியில்தான் அகதியாக வந்த பொடியன்களை அப்போது வைத்திருந்தார்கள். பனி கொட்டி வீதியை மூடியதும் பாண் வண்டி வரவில்லை, பால் வண்டி தோட்டங்களுக்குப் போகவில்லை. ஊராக்கள் வெட்டத் தொடங்கினார்கள். இவர்களும் தானம் கிடைத்த மேலங்கிகளை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றாம் நாள் வழி திறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கமராவோடு வந்தார்.

கமராவைக் கண்டதும் சிறீஸ்கந்தராசாவுக்குப் பயம் பிடித்தது. அவருக்குத்தான் அங்கே கொஞ்சம் இங்கிலிஷ் தெரியும், அதனால் எல்லோருக்கும் அவர்தான் தலைவர், அவர் வைத்ததுதான் சட்டம். படம் பேப்பரில் வரும், பேப்பர் கொழும்புக்குப் போகும், கொழும்பிலிருந்து ஆமி நேரே வீட்டு வாசலுக்கு வரும் என்று அவர் கணக்குப் போட்டார். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். கிரின்ஸ்டெட் பக்கத்து வாரப் பத்திரிகையைக் கொழும்பில் எவன் வாசிக்கப் போகிறான்? அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஊரில் வாலிபனின் படம் சுவரில் தொங்கிய வீடுகளுக்குள் ஆமி புகுந்து என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

மகேந்திரராசாவின் மனைவி செல்வமலர் வடமராட்சியில் வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். சிறீஸ்கந்தராசாவின் குடும்பம் முன்னமே திருச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே தலைவர் நிமிர்ந்து நின்று பல்லைக் காட்டினார். பக்கத்தில் நின்றவனின் தொப்பியைத் தன் கையாலேயே முகத்துக்குக் கீழே இழுத்துவிட்டார். “பெண்சாதி பிள்ளையைக் கொல்லப் போறியோ, மூடடா” என்றார். அவன் சிரித்தான். பத்திரிகையில் படம் வந்ததும் சிறீஸ்கந்தராசா அதை வெட்டித் திருச்சிக்குத் தாய்க்கு அனுப்பினார். மகேந்திரராசாவுக்கு அனுப்ப ஒன்றும் இல்லை.

அது அதோடு முடியவில்லை. அதற்குப் பிறகு எவன் கமராவைத் தூக்கினாலும் மகேந்திரராசா தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வான். முதலில் பயம், பிறகு பகிடி, பிறகு பழக்கம். விடுதியில் எடுத்த எந்தப் படத்திலும் அவனுக்கு முகம் இல்லை.

அதே வருடம் வைகாசியில் வடமராட்சிக்குள் ஆமி இறங்கியது. நிறைமாத வயிற்றோடு ஓட வெளிக்கிட்ட செல்வமலர், கலியாண அல்பத்தை அடுப்பில் போட்டாள். அவனுடைய அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப்படத்தையும் போட்டாள். அவள் மட்டுமா? அந்த ஒழுங்கையில் எல்லா வீட்டு அடுப்பிலும் அன்றைக்குப் படங்கள்தான் எரிந்தன. பத்து நாள் கழித்து ஒரு கோயில் மண்டபத்தில் சாரங்கி பிறந்தாள். மனைவியையும் பிள்ளையையும் டென்மார்க்குக்கு எடுக்க மகேந்திரராசா விண்ணப்பம் போட்டான். பதில் வரவில்லை. ஒன்றரை வருடம் பொறுத்தான். பிறகு, நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று வெளிக்கிட்டான். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கிருந்து பஸ் ஏறியிருக்கிறான். யாழ்ப்பாணத்தில் இறங்கவில்லை. எங்கே இறக்கினார்கள், யார் இறக்கினார்கள் என்று இன்றுவரைக்கும் தெரியாது.

செல்வமலர் பிள்ளையோடு டென்மார்க்குக்கு வந்து சேர 1992 ஆனது. ரண்டர்ஸில் தம்பி வீட்டுக்கு வந்தவள் முதலில் விசாரித்தது அந்த விடுதியில் இருந்தவர்களைத்தான். பிள்ளைக்குத் தகப்பனின் முகம் தெரியாது, ஒரு படம், மூலையில் நிற்கிற படம் என்றாலும் பரவாயில்லை என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். சிறீஸ்கந்தராசாவிடமும் கேட்டாள். அவர் இல்லை என்றார். முகம் தெரியாத படத்தைக் காட்டி என்ன பயன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளுக்குள் வேறு பயம் இருந்தது. படத்தைக் காட்டினால், ஏன் மூடினவர் என்று அவள் கேட்பாள்.

பிறகு ஒவ்வொரு கலியாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் கேட்டாள். அவளைக் கண்டால் மற்றப் பக்கத்து மேசையில் போய் இருக்கப் பழகினார் அவர். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். மகளை ஆய்வுகூடப் படிப்பு படிப்பித்தாள். சாரங்கி இப்போது ஓகூஸில் ஒரு ஆஸ்பத்திரியில், இரத்தத்தையும் சதைத்துண்டையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கிற வேலை.

போன மாசி மாதம் செல்வமலருக்கு ஈரலில் புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். தவமணி நச்சரித்ததால் சிறீஸ்கந்தராசா பார்க்கப் போனார். போகாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்தார். தவமணி பூச்சாடிக்குத் தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது செல்வமலர் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

“சிறி அண்ணை, அவரின்ரை முகம் எனக்கு மறந்து போச்சு” என்றாள். “குரல் கேக்குது. முகம்தான் வருகுதில்லை.”

அவர் கையில் ஒரு தோடம்பழம் இருந்தது. அதை உரித்துக்கொண்டே இருந்தார். உரித்த சுளைகளைக் காகிதத்தில் வைத்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். பங்குனி பிறந்து எட்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

செத்தவீடு முடிந்ததும் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். கல்வெட்டு என்றால் செத்தவரின் படமும் வாழ்க்கையும் பாட்டும் போட்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். முதல் பக்கத்தில் தாயின் படத்துக்குப் பக்கத்தில் தகப்பனின் படம் போடுவது வழக்கம். இல்லாவிட்டால் குத்துவிளக்குப் படம் போடலாம் என்றார் மாமன். சாரங்கி விளக்கு வேண்டாம் என்றாள். டெனிஷ் அலுவலகத்துக்கு எழுதி, அகதிக் கோப்பிலிருந்த படத்தைக் கேட்டாள். அவ்வளவு பழைய கோப்பு இப்போது இல்லை என்று பதில் வந்தது. ஓரிரவு இணையத்தில் அந்த விடுதியின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள். நிலவறைப் படங்களையெல்லாம் ஜோனாஸ் போன வருடம்தான் இணையத்தில் ஏற்றியிருந்தார். மண்வெட்டிப் படம் வந்தது. கீழே அழகாக, ஊரோடு, பத்துப் பெயர். தகவல் தந்தவர்: சிறீஸ்கந்தராசா.

அடுத்த நாள் சிறீஸ்கந்தராசாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. அம்மா சொன்ன பெயரெல்லாம் அதில் இருக்கிறது, அப்பாவின் பெயர் மட்டும் இல்லை என்றாள். “மாமா, அந்தத் தொப்பிக்காரர் ஆர்?”

மனுசன் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். நினைவில்லை, கனகாலம் போய்விட்டது, செவ்வாய்க்கிழமை வா, படத்தை நேரே பார்ப்போம் என்று மழுப்பினார். படத்தை நேரே பார்த்தாலும் தொப்பிதானே தெரியும் என்பது அவருடைய தைரியம்.

செவ்வாய்க்கிழமை அவள் ஓகூஸிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்தாள். நிலவறையில் கிழவர் கிழவியெல்லாம் எழும்பிக் கைகொடுத்தார்கள். தகப்பனைத் தேடிவந்தவள் என்று சிறீஸ்கந்தராசா சொல்லவில்லை, அவளே டெனிஷில் சொன்னாள். அதைக் கேட்டதும் ஜோனாஸுக்குக் கண் விரிந்தது. குடும்பத்தார் யாராவது தேடிவந்தால், அந்த நாளில் எடுத்த எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுவது அங்கே வழக்கம். பத்திரிகைக்காரர் செத்தபின் அவருடைய நெகட்டிவ் முழுவதும் இங்கேதான் வந்தது என்று சொல்லிக்கொண்டே ஜோனாஸ் இரும்பு அலுமாரியைத் திறந்தார்.

 நெகட்டிவ் இருப்பது சிறீஸ்கந்தராசாவுக்கும் தெரியும். எத்தனை பேருக்கு அவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் மூன்று வருடத்தில் ஒருநாளும் தொடவில்லை.

ஐந்து படம் இருந்தது. ஜோனாஸ் அந்தத் துண்டை வெளிச்சப்பெட்டியில் வைத்து, கமராவால் பிடித்துத் திரையில் போட்டார். முதல் மூன்றிலும் ஆட்கள் குனிந்து பனி வெட்டிக்கொண்டிருந்தார்கள், முதுகுதான் தெரிந்தது. ஐந்தாவது, பத்திரிகையில் வந்த படம். நாலாவது அதற்கு ஒரு நொடி முந்தியது. ஒருவரும் இன்னும் ஒழுங்காக நிற்கவில்லை. தொப்பிக்காரனின் தொப்பி நெற்றியில்தான் இருந்தது. அதைப் பிடித்து இழுக்கிற ஒரு கை அவன் முகத்துக்குக் குறுக்கே நின்றது. கைக்கு இந்தப் பக்கம் ஒரு கண், பாதி மூக்கு, பாதி வாய். அந்தப் பாதி வாய் சிரித்துக்கொண்டிருந்தது. இழுக்கிறவன் யார் என்று தெரியாதபடி நடுவில் ஒருவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கடந்து போய்க்கொண்டிருந்தான்.

சாரங்கி திரையை விட்டுவிட்டுப் பூதக்கண்ணாடியை வாங்கி நெகட்டிவின் மேலேயே குனிந்தாள். அது அவளுடைய தொழில். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது தன் மேலுதட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டாள். அவளுக்கும் சிரித்தால் அந்த ஓரம் மட்டும் மேலே போகும். இவ்வளவு காலமும் அது யாரிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

“இந்தக் கை ஆரின்ரை, மாமா?” என்று தமிழில் கேட்டாள்.

“தெரியாது பிள்ளை. பதினொரு பேர் நிண்டனாங்கள்.”

பாவம், ஜோனாஸுக்குத் தமிழ் தெரியாது. அவர் திரைக்குக் கிட்டப் போய், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார். பிறகு சந்தோஷமாகத் திரும்பி, மற்றவர்களைக் கூப்பிட்டு டெனிஷில் சொன்னார். இந்த விரலைப் பாருங்கள், இது நம்முடைய சிறியின் கோப்பி விரல்.

எல்லோரும் வந்து பார்த்தார்கள். தொப்பியைப் பிடித்த நாலு விரலும் மடங்கியிருக்க, சின்னவிரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு கிழவி கைதட்டினாள். பெயர் கண்டுபிடித்தால் அங்கே கைதட்டுவார்கள்.

சாரங்கி அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் கோப்பையைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தாள். “அம்மா கேக்கேக்குள்ளை எல்லாம் இதைத்தான் இல்லையெண்டனீங்களோ?” என்றாள்.

அவர் ஓம் என்றார். அதற்குப் பிறகு கொட்டினார். தொப்பி, பயம், திருச்சிக்கு அனுப்பிய படம், கலியாணவீட்டில் மேசை மாறி இருந்தது, தோடம்பழம், ஒன்றும் விடவில்லை. இந்த நாலாவது படம் இருப்பது தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பெயரை எழுதியிருந்தால், ஜோனாஸ் அன்றைக்கே அலுமாரியைத் திறந்திருப்பார். செல்வமலர் நல்ல சுகத்தோடு இருந்த காலம் அது. ரண்டர்ஸிலிருந்து பஸ் மாறி மாறியென்றாலும் வந்து பார்த்திருப்பாள். இதை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாரங்கி முழுவதையும் கேட்டாள். பிறகு அந்தப் படத்தின் பெயர்த்தாளை அவர் பக்கம் தள்ளி, பேனையை வைத்தாள். ‘தெரியாதவர்’ என்பதை வெட்டிவிட்டு அவர் மகேந்திரராசாவின் முழுப்பெயரையும் ஊரையும் எழுதினார். பேனையை மூடப் போனார்.

“கைக்கும் பேரை எழுதுங்கோ, மாமா” என்றாள். “கல்வெட்டிலையும் அப்பிடியே போடப்போறன்.”

அச்சுக்காரன் கணினியில் கையை அழித்துத் தரலாம் என்றானாம். அழித்தால் அதற்குக் கீழே முகம் இருக்குமா என்று அவள் கேட்டிருக்கிறாள். இல்லை என்றதும், அப்படியே அடிக்கச் சொல்லிவிட்டாள்.

முப்பத்தோராம் நாள் ரண்டர்ஸில் ஒரு மண்டபத்தில். நாடெங்கும் இருந்து சனம் வந்திருந்தது. விடுதிக்காரரில் உயிரோடு இருந்த ஏழு பேரும் வந்திருந்தார்கள். பந்தியில் இருந்தவர்களுக்கு சாரங்கியே கையால் கல்வெட்டைக் கொடுத்துக்கொண்டு போனாள். சிறீஸ்கந்தராசாவுக்கும் கொடுத்தாள், வந்ததுக்கு நன்றி மாமா என்றாள். முதல் பக்கத்தில் செல்வமலரின் படம். பக்கத்தில் கறுப்புவெள்ளையில், ஒரு கண்ணும் அரைச் சிரிப்பும், குறுக்கே ஒரு கையும். கீழே இரண்டு வரி. ‘அமரர் மகேந்திரராசா, தை 1987. முகத்தை மறைக்கும் கை: சிறீஸ்கந்தராசா.’

தவமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தாள்.  முப்பத்துநாலு வருடக் கலியாணத்தில் அவள் ஒரு பகிடியும் விடாமல் இருந்தது அன்றைக்குத்தான். எதிர்ப் பந்தியில் ஒவ்வொருவராகப் பக்கத்தைத் திருப்பினார்கள். வாசித்தார்கள். பிறகு தலையைத் தூக்கி, அவருடைய முகத்தை விட்டுவிட்டு, சோற்றில் இருந்த வலக்கையைப் பார்த்தார்கள். சோற்றைப் பருப்போடு குழைத்து உருட்டிப் பிடித்திருந்தார். சின்னவிரல் வழக்கம்போல நீட்டிக்கொண்டு நின்றது. அதை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. அந்தக் கையாலேயே சோற்றை எடுத்து வாயில் வைத்தார்.